வூட்ல சொல்லிட்டியா, ஸ்வர்ணா?

ஸ்வர்ணா பெங்களூர் தொம்மலூரில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஒரு பி.ஜி. விடுதியில் சமையல் செய்கிறாள். வீடு ஸ்ரீராம்புரத்தில். கணவர் பச்சைமுத்து எலக்ட்ரீஷியன். கல்லீரல் சுருங்கிப்போனதால் நாலு வருஷமாக வேலைக்குப் போவதில்லை. எப்போதோ தொற்றிய மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளேயே தங்கிச் செய்த வேலை அது. குடித்துக் கெட்டார் என்று தெருவில் பேசினார்கள். மனிதர் ஒரு சொட்டு தொட்டதில்லை. முதலில் மறுத்துப் பார்த்தார், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். வீட்டிலும்தான். சாப்பாடு, மாத்திரை என்று ரெண்டொரு வார்த்தை, அதோடு சரி.

அப்படி இருந்த ஆளில்லை. கார்மென்ட்ஸ் கம்பெனியில் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒயரிங் பார்க்க வந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் லால்பாகில் சுற்றினார்கள். அவள் பஸ் ஏறின பிறகும் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் அவர் வயிற்றில் சேர்ந்திருந்த நீரில் கிருமி பிடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் வயிற்றால் போக ஆரம்பித்தது. கல்லீரலுக்காகத் தினமும் அவர் குடிக்கிற சிரப்பே வயிற்றை இளக்குவதற்குத்தான். அதனால்தான் போகிறது என்று நினைத்து ஸ்வர்ணா அதை நிறுத்தினாள். ஆனால் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவது என்று தெரியாமல் விழித்தார். ஆட்டோ பிடித்து மறுபடி அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் வித்யாலட்சுமி பொறுமையாகச் சொன்னார்: “முன்னாடி போட்ட ஆன்டிபயாட்டிக்ல குடல்ல இருந்த நல்ல கிருமியும் செத்துடுச்சும்மா. அந்த இடத்துல ஒரு கெட்ட கிருமி வளர்ந்திருக்கு. லிவர் சரியில்லாதவங்களுக்கு இப்படி ஆச்சுன்னா, உடம்புல இருக்கற கழிவு மூளைக்கு ஏறிடும். அதான் குழம்பறார். அந்தக் கழிவ வெளியேத்தறதே சிரப்புதான், எங்கள கேக்காம நிறுத்தாதீங்க.”

மற்றவர்களுக்குப் பரவக்கூடாது என்று தனி அறை கொடுத்தார்கள். உள்ளே போக கவுனும் கையுறையும் மாட்டிக்கொள்ள வேண்டும். வாசலில் இருந்த ஜெல்லுக்குக் கை நீட்டியவளை நர்ஸ் பார்கவி தடுத்தாள். “ஜெல் பேடாம்மா, வேண்டாம். இந்தக் கிருமி அதுக்குச் சாகாது. வெளிய வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்க.”

அன்று மத்தியானம் பச்சைமுத்து கண் திறந்து அவளையே பார்த்தார். முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா? வூட்ல சொல்லிட்டியா, ஸ்வர்ணா?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“இன்னா சொல்லணும்?”

“நம்ம விஷயத்த. உங்கப்பா இன்னா சொன்னாரு? அடிச்சாரா?”

அவளுடைய அப்பா செத்து வெகுகாலமாயிற்று. ஸ்வர்ணா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிட்டேன். ஒத்துக்கினாரு.”

“நெஜமாவா? அப்போ எனக்கென்ன பயம்!” என்று சிரித்தார். ராஜாஜிநகரில் வாடகைக்கு வீடு பார்த்திருப்பதையும், அதில் அவளுக்கென்று ஜன்னலோரமாக ஒரு லைட் போடப்போவதையும் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் அவள் கையைப் பிடித்தார். ரப்பர் கையுறைக்கு மேலாக அந்தச் சூடு அவளுக்குத் தெரிந்தது. கையுறையைக் கழற்றிவிட வேண்டும் போலிருந்தது. கழற்றவில்லை.

மறுநாளும் பேசினார். மருந்து வேலை செய்யச் செய்ய வயிற்றுப்போக்கு நின்றது, பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. தெளிவு வந்த காலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “சோறு வேணுமா?” என்று கேட்டாள். “ம்” என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் பேசியதையெல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

“உளறியிருக்கேன். அத போய் மனசுல வெச்சிக்கினு. விடு.”

வேலைக்குப் போனாள். சாம்பார் கொதிக்கும்போது அந்தக் குரல் காதில் விழும். உடம்பு தேறிய மனுஷனைப் பார்த்து ஏன் சந்தோஷப்பட முடியவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

அடுத்த பரிசோதனை முடிந்ததும், அவர் வெளியே போன நேரம் பார்த்து டாக்டரிடம் கேட்டாள்: “அந்த மாதிரி நேரத்துல பேசறதெல்லாம் மனசுல இருக்கறதுதானா மேடம்?”

வித்யாலட்சுமி அவள் தோளைத் தட்டினார். “ரொம்பப் பயந்துட்டீங்க போல. சிரப்பை மட்டும் ஒழுங்கா குடுங்க. இனிமே அந்த மாதிரி பேசமாட்டார்.”

“சரிங்க மேடம்” என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பச்சைமுத்து நிமிர்ந்து பார்த்தார். “இன்னா சொன்னாங்க?”

“நல்லதுதான் சொன்னாங்க” என்று மருந்துப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.