ஒரு நீளம், மூன்று குட்டை

எங்கள் சின்னம்மாவின் கம்ப்யூட்டர் கொல்லிமலைக்கு வந்தது பஸ்ஸில். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. வருடம் இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ இருக்கும். விடுமுறை விட்டதும் அம்மா என்னை வாசலூர்பட்டிக்குப் பக்கத்திலிருந்த அப்புச்சி வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவாள். அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. அந்த வீட்டில் அவரோடு மாமாவும் அம்மாவுக்கு இளையவளான சின்னம்மாவும் இருந்தார்கள்.

அடிவாரத்து ஊர் ஒன்றில் பாய் ஒருவர் பழைய கம்ப்யூட்டர்களைச் சீர் செய்து விற்றுக்கொண்டிருந்தார். அவரிடமிருந்துதான் வாங்கினார்கள். மானிட்டரைப் போர்வையில் சுற்றி சின்னம்மாவின் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, அவள் நின்றுகொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியை மாமா மடியில் வைத்துக்கொண்டார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அதைக் கீழே இறக்கவில்லை என்றும், அறுபதாவது வளைவில் தனக்கே குமட்டிக்கொண்டு வந்தபோதும் விடவில்லை என்றும் மாமா வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னம்மா நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி ஒரு வருடம் கம்ப்யூட்டர் படித்தவள். மலையில் பெண் பிள்ளைகளைப் பன்னிரண்டாவதுக்கு மேல் கீழே அனுப்பத் தயங்குவார்கள். அவர்கள் கீழே போக வேண்டாம், கம்ப்யூட்டர் மேலே வரட்டும் என்பது அவள் யோசனை. மிளகு மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, தானே சுண்ணாம்பு அடித்து வகுப்பறை ஆக்கியிருந்தாள். அப்புச்சிக்கு அரை மனசுதான். சேலம் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வேறு கேட்டு அனுப்பியிருந்தார்கள். ஒரு வருடம் பொறுங்கள் என்று சின்னம்மா கேட்டு வாங்கியிருந்தாள்.

ஆனால் அப்புச்சி ஒன்றுக்குச் சம்மதித்துவிட்டால் அதைச் சிறிதாகச் செய்யத் தெரியாதவர். திங்கட்கிழமை காலையில் திறப்பு என்று பஞ்சாயத்துத் தலைவர் முதல் பக்கத்து நாடுகளில் இருந்த சொந்தக்காரர்கள் வரை எல்லோருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. கூடவே சின்னம்மாவிடம் ஒன்று சொல்லி வைத்தார். "பத்துப் பேரு முன்னால அது ஓடோணும். ஓடலீன்னா மறு பஸ்ஸுல கீழ அனுப்பிப்புட்டு, சேலத்துக்காரங்களுக்குப் பதில் சொல்லிப்போடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒயர்களையெல்லாம் மாட்டி, கற்பூரம் காட்டி, சின்னம்மா பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கரும்பலகை மாதிரி இருந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக மூன்று. கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடியும் அதே மாதிரி.

"அழுவுது," என்றார் மாமா.

மாமாவின் முதல் முடிவு, கரண்ட் பத்தவில்லை என்பது. ஸ்டெபிலைசரின் முள் நடுவில் நிற்காமல் தள்ளாடியது உண்மைதான். உடனே அவர் அக்கம்பக்கத்து மூன்று வீடுகளுக்குப் போய் கிரைண்டரையும் டிவியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை டிவியை நிறுத்தினால் அந்த வீட்டுக்காரர்கள் வேறு எங்கே போவார்கள்? எல்லோரும் மாமாவின் பின்னாலேயே வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் கூடியதே தவிர அழுகை நிற்கவில்லை.

அடுத்து, ரேடியோவுக்குச் செய்கிற வைத்தியத்தைச் செய்யக் கையை ஓங்கினார். சின்னம்மா பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக அவர், வளைவுகளில் சுற்றிச் சுற்றி வந்ததில் அதற்கு மயக்கம் வந்திருக்கிறது, ஒரு நாள் படுக்க வைத்தால் சரியாகிவிடும் என்றார். அன்று எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்றைக்குச் சொல்லப்பட்டவற்றில் உண்மைக்கு மிகவும் கிட்டத்தில் வந்தது அதுதான்.

ரோட்டோரக் கடையில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. சின்னம்மா போய் பாய்க்குப் போன் செய்துவிட்டு வந்தாள். சத்தம் எத்தனை தடவை, எது நீளம், எது குட்டை என்று சரியாகக் கேட்டுச் சொன்னால்தான் என்ன கோளாறு என்று சொல்ல முடியும் என்றாராம். அவள் கேட்டுக்கொண்டு மறுபடியும் கிளம்பியபோது அப்புச்சி தடுத்துவிட்டார். இத்தனை பேர் பார்க்க ரோட்டுக்கும் வீட்டுக்கும் எத்தனை தடவை நடப்பாய் என்றார். மாமா அப்போது நாலாவது வீட்டில் கிரைண்டரை நிறுத்தப் போயிருந்தார்.

ஆகவே நான் அனுப்பப்பட்டேன்.

சின்னம்மா என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் வாயில் பிசகாமல் வரும்வரை சொல்லிப் பார்க்கச் சொன்னாள். "ஒண்ணு நீளம், மூணு குட்டை. மாத்திச் சொன்னயின்னா வேற வியாதின்னு நெனச்சுக்குவாரு கண்ணு. அவரு என்ன சொன்னாலும் வந்து மொதல்ல எங்காதுல சொல்லோணும்."

நான் ஓடினேன். காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில், வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓடுகிறவள்போல அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு ஓடினேன். பீ...ப், பிப், பிப், பிப். வழியில் அன்னாசிக் கூடையோடு ஓர் அம்மாள் எதிரே வந்தாள். "யாரு, பெரியவ புள்ளயா? எங்க சாமி இந்த ஓட்டம் ஓடறே?" என்று கேட்டாள். வாயைத் திறந்து பதில் சொன்னால் சத்தம் கலைந்துவிடும் என்று எனக்குப் பயம். பதில் சொல்லாமல் போனால் மரியாதை இல்லை. அதனால் "பீ...ப், பிப், பிப், பிப்" என்றேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் கையை விலக்கிக்கொண்டு ஓடினேன்.

கடைக்காரர் நம்பரைச் சுழற்றி ரிசீவரை என் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் பாய் "அலோ" என்றார். நான் முழுச் சத்தத்தையும் செய்து முடித்தேன். "யாரும்மா அது?" என்று கேட்டார். மறுபடியும் செய்தேன்.

"ஓ, கொல்லிமலையா? சின்னம்மா அனுப்பிச்சாங்களா? நல்ல பிள்ளை. இன்னொரு தடவை நிதானமாப் பண்ணு பாக்கலாம்."

பண்ணினேன். அவரும் பதிலுக்கு, எல்லாம் குட்டையாக மூன்று செய்து காட்டி, "இப்படியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, மொதல்ல ஒண்ணு நீளமுங்க," என்று சொல்லி நான் திருத்தினேன்.

இப்படி நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சத்தமிட்டுக்கொண்டிருந்தோம். செம்மேடு பஸ்ஸுக்காக நின்றிருந்தவர்கள் பூத்தைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருவர் கடைக்காரரிடம், இந்தப் பிள்ளை எந்தப் பாஷை பேசுகிறது என்று கேட்டார். "கம்ப்யூட்டர் பாஷைங்க," என்றார் கடைக்காரர், ஏதோ தானே கற்றுக்கொடுத்ததுபோல.

கடைசியில் பாய் சொன்னார்: "அது ரேம்தாம்மா. மலை ஏறுனதுல அசைஞ்சிருக்கும். சின்னம்மாகிட்ட சொல்லு, வியாழக்கிழமை மெக்கானிக்கை அனுப்பறேன். அதுவரைக்கும் யாரும் மூடியைக் கழட்ட வேணாம். ஸ்டிக்கர் கிழிஞ்சா அப்புறம் நான் பொறுப்பில்ல. சரியா?"

ரேம், வியாழன், மூடி, ஸ்டிக்கர். நான்கு சொற்கள். வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினேன்.

வீட்டில் இப்போது இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். யாரோ பலாப்பழம் ஒன்றை அறுத்துச் சுளை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சின்னம்மாவின் காதோடு வாய் வைத்து நான்கையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வியாழக்கிழமை என்றபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாய் என்ன சொன்னாரு?" என்று அப்புச்சி நாற்காலியில் இருந்தபடி கேட்டார்.

சின்னம்மா எழுந்து நின்றாள். "மூடியக் கழட்டி, ரேமை எடுத்து ரப்பர் வெச்சுத் தேச்சு, திருப்பி மாட்டச் சொன்னாருங்கப்பா."

"நீயா?"

"ஆமாங்க. அவரு சொன்னாரு."

அப்புச்சி வாசலில் இருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார். "அவரு சொன்னாச் சரி. அவருக்குத் தெரியாததா," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரப்பர் என்று ஒரு சொல் இருந்ததா? தேய்க்கச் சொன்னாரா? மூடியைக் கழட்டச் சொன்னதை நான்தான் வேணாம் என்று மாற்றிக் கேட்டேனா? நான்கு சொற்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்ததில் ஐந்தாவது எங்கே விழுந்தது? அந்த அன்னாசிக்கார அம்மாள் நெற்றியைத் தொட்டபோதா? ஆனால் அது போகும்போது நடந்தது. நான் மறந்ததையும் சேர்த்துச் சின்னம்மா எப்படித் தெரிந்துகொண்டாள் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு அப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். என் தப்பை அவள் யாரிடமும் சொல்லாததே பெரிய விஷயமாக இருந்தது. அதனால் அவள் ரப்பர் கேட்டபோது, ஒரு வருடமாக முகர்ந்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்த என் ரோஸ் நிற வாசனை ரப்பரை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

மாமா மோட்டார் பழுது பார்க்கிற ஸ்குரு டிரைவரைக் கொண்டுவந்தார். சின்னம்மா கண்ணாடி வளையல்களைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டாள். பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த சின்ன வெள்ளைக் காகிதத்தை நகத்தால் கீறினாள். அப்போது மட்டும் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். மூடி கழன்று வந்ததும் வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ள ஒண்ணுமே இல்லியே," என்றார் மாமா. எழுபது வளைவுகளுக்கும் சுமந்து வந்தவருக்கு அது பெரிய ஏமாற்றம். முக்கால்வாசி வெறும் காற்றும் தூசியும்தான்.

சின்னம்மா இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, இரண்டு பக்கமும் இருந்த வெள்ளைக் காதுகளை விரலால் அழுத்தினாள். சீப்பு மாதிரி ஒரு பச்சைத் துண்டு எழும்பி வந்தது. அதன் ஓரத்துப் பொன்னிறப் பல்வரிசையை என் ரப்பரால் மெதுவாக, ஒரே திசையில் தேய்த்தாள். முதல் தடவை செய்கிற கை மாதிரி இல்லை அது. நாமக்கல்லில் பெட்டி கழற்றுகிற வகுப்பு பையன்களுக்கு மட்டும்தான் என்றும், அந்த நேரத்தில் தான் தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்றதாகவும் பல வருடம் கழித்துத்தான் சொன்னாள். அதைச் சொல்லும்போது நானே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மிளகு வாசமும் ரப்பர் வாசமும் கலந்து நின்ற அறையில், துண்டைத் திரும்ப மாட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

பீ...ப், பிப், பிப், பிப்.

வாசலில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அப்புச்சி எழுந்துவிட்டார். "பாய்க்கு மறுபடி போன் போட்டுக் கேட்டுப்போடலாம். இந்தத் தடவ நானே பேசறேன்."

சின்னம்மா திரும்பவில்லை. "ரெண்டு தடவ மாட்டிப் பாக்கச் சொன்னாருங்கப்பா. அப்பிடித்தான சொன்னாரு கண்ணு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதையும் மறந்திருக்கிறேனே என்று எனக்கு அழுகை வந்தது. தலையை ஆட்டினேன். அப்புச்சி உட்கார்ந்தார்.

இந்த முறை அவள் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வெள்ளைக் காதுகள் இரண்டும் தாமாகவே எழுந்து நின்றன. பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது.

பிப்.

ஒன்றே ஒன்று. அதற்குமேல் இல்லை.

"போச்சு, உசிரு உட்டுருச்சு," என்றார் மாமா.

"இல்லீங்ணா. ஒண்ணு கத்துனா நல்லாயிருக்குதுன்னு அர்த்தம்," என்று சின்னம்மா சொல்லி முடிப்பதற்குள் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கிடுகிடுவென்று ஓடின. பிறகு பச்சைப் புல்மேடும் நீல வானமுமாக ஒரு படம் வந்து நின்றது. வாசலில் இருந்த எல்லோரும் அறைக்குள் வந்துவிட்டார்கள். ஒருவர் இது நம்ம ஏரிக்கு மேல இருக்கற மேடு என்றார். இல்லை, திண்ணனூர் நாட்டுப் பக்கம் என்றார் இன்னொருவர். வெகு நேரம் அந்தச் சண்டை நடந்தது. மாமா சந்தோஷத்தில் எல்லா வீட்டுக்காரர்களையும் போய் கிரைண்டர் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். நாலு கிரைண்டரும் ஒன்றாக ஓடியதில் ஸ்டெபிலைசர் படபடவென்று அடித்துக்கொள்ள, அவரே மறுபடியும் ஓடி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வந்தார். அன்று அந்த மூன்று நான்கு வீடுகளில் யாருக்கும் நேரத்துக்குச் சோறு இல்லை. பலாச்சுளைதான்.

மறுநாள் பஞ்சாயத்துத் தலைவர் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்து வகுப்பைத் திறந்து வைத்தார். ஒன்பது பெண்கள் சேர்ந்தார்கள். சேலத்துக்காரர்களுக்கு இப்போதைக்கு இல்லை என்று அப்புச்சியே சொல்லி அனுப்பினார்.

காலாண்டு விடுமுறைக்கு நான் போயிருந்தபோது இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தது. இந்தத் தடவை பாயே ஒரு வேனில் கொண்டுவந்தார். அப்புச்சி அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் மானத்தைக் காப்பாற்றியது அந்த ரப்பர் வைத்தியம்தான், போனிலேயே சொல்லிக் கொடுத்தீர்களே என்று நன்றி சொன்னார்.

தம்ளரை வாயருகே கொண்டுபோன பாய் அப்படியே நிறுத்தினார். சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு வாய் காப்பியை நிதானமாகக் குடித்தார்.

"ஆமாங்க, சொன்னேன்," என்றார். "நான் சொன்னதைவிட அவங்க நல்லாவே செஞ்சிருக்காங்க."

ஆக, சொல்லித்தான் இருக்கிறார். ஐந்து மாதமாக மனதில் உறுத்திக்கொண்டிருந்தது அன்றைக்கு முடிவாகிவிட்டது. நான் எழுந்து போய் பாயின் முன்னால் நின்று, "நீங்க சொன்னதுல பாதிய நான்தானுங்க மறந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க," என்றேன். பாய்க்குப் புரையேறியது. சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்புச்சி மட்டும், பரவாயில்லை சாமி, சின்னப் பிள்ளைதானே என்று என் தலையைத் தடவினார்.

அன்றைக்கே நான் ஒரு முடிவு எடுத்தேன். இனி யார் என்ன சொல்லி அனுப்பினாலும் ஒரு நோட்டில் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு வந்து, எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துக் காட்டுவது என்று. சின்னம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் நோட்டைப் பிடுங்கி, அடுப்புக்கு மேலே பரணில், என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டாள். இவ்வளவு படித்தவள், ஒரு நல்ல பழக்கத்தை ஏன் இப்படித் தடுக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.