ஜெசிந்தா டீச்சர் நிற்க வைத்த பத்து மாமரங்கள்

செங்கல் ஊரில் என் நாற்றுப்பண்ணையில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா டீச்சரின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டா அண்ணா. நெஞ்சுவலி ஆக்கும்." பாதி கட்டிய ஒட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஒரு வாரமாகிறது, இன்னும் எந்த வேலையிலும் உட்கார முடியவில்லை.

தனுவச்சபுரம் பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவராக அவரை அறிந்தவர்கள் பலர். கோட்டுகால் கடலோரக் குடும்பத்துப் பெண், மாங்கன்றுக்காக என்ன பாடுபட்டார் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

நான் விற்ற கன்றுகள் நாலாம் ஆண்டில், காய்க்கிற பருவத்தில், ஒட்டுப்போட்ட இடத்திலேயே ஒடிந்து விழுந்தன. அவர் வீட்டில் நட்டதும் விழுந்தது. சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். ஒடிந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். முறிந்த இடம் வாளால் அறுத்ததுபோல் வழவழப்பாக இருந்தது. பிளம், பீச் மரங்களில் ஒட்டுக்கு மேலே ஃபீனால் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்தால் மேலே ஒட்டிய கிளையும் வேருள்ள அடிக்கன்றும் ஒன்றாகச் சேராது என்று படித்திருக்கிறாராம். மாமரத்திலும் அப்படித்தானா என்று பார்க்க வேண்டும் என்றார். "வெளியே பிடிச்சது போல இருக்கும். உள்ளே ரெண்டும் ரெண்டாத்தான் நிக்கும்."

அதே வகை அடிக்கன்றில் கட்டிய இருநூறு கன்றுகள் விற்பனைக்கு நின்றன. பட்டையைச் சுரண்டி எடுத்துப்போய்ச் சோதித்தார். பாதிக்கு மேல் துவர்ப்பு மிகுதி. அவற்றை விற்காதீர்கள் என்றார். தளதளவென்று நிற்கிற கன்றுகளைக் காட்டி நான் கத்தினேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் துவர்ப்பு மிகுந்த கன்றுகளைப் பிடுங்கினேன். ஒடிகிறதா என்று பார்க்க, அவர் கேட்டபடி அவற்றில் பத்தை மட்டும் பண்ணை ஓரத்தில் நட்டேன்.

ஐந்து ஆண்டுகள், ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் வந்து பார்த்தார். மூன்று ஒடிந்தன. ஏழு நின்றன, காய்க்கவும் செய்தன. இந்த மாங்காய்ப் பருவத்தில் வந்தவர் மரங்களுக்கடியில் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தார்.

"அண்ணா, நான் சொன்னது முழுசும் சரியில்ல. நல்ல கன்னையும் பிடுங்க வச்சிட்டேன். இத எழுதணும்."

யார் கேட்கப்போகிறார்கள், விடுங்கள் என்றேன்.

"நான் சொன்னத நீங்க கேட்டீங்கல்லா" என்றார்.

எழுதத் தொடங்கியவர் முடிக்கவில்லை.

நேற்று ஒருவர் கன்று வாங்க வந்தார். கட்டாயம் நிற்குமா என்று கேட்டார். முன்பென்றால் தலையிலடித்துச் சத்தியம் செய்திருப்பேன். "இப்பம் சொல்ல முடியாது. நாலு வருஷம் கழிச்சு நானே வந்து பாக்கேன்" என்று சொல்லி, அவர் வீட்டுக்கு வழி கேட்டு எழுதிக்கொண்டேன். டீச்சர் எனக்கு விட்டுப்போனது அந்த நிலைகொள்ளாமை. அதை வைத்துக்கொள்கிறேன்.