டொக்டர் தங்கச்சி

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, மிருக வைத்தியம் படிக்க இடம் கிடைக்குமா என்று காத்திருந்த நாட்களில், புத்தளத்தில் ஒரு மிருக வைத்தியரிடம் உதவிக்குப் போய்வந்தேன். அங்கேதான் அந்த ஓட்டோக்காரரைக் கண்டேன்; அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மெலிந்தவர், உப்புக்காற்றில் வெளுத்த சட்டை. உள்ளே நிற்கும் ஆடுமாடுகள் மிரளும் என்று, தூரத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு ஓட்டோவைத் தள்ளிக்கொண்டுதான் வாசலுக்கு வருவார்.

ஒருநாள் அவருடைய பின்சீட்டில், கல்பிட்டி வீதியில் அடிபட்ட கழுதைக்குட்டியொன்று கிடந்தது. டொக்டர் வெளியே போயிருந்தார்.

"நீங்க பாருங்களே, தங்கச்சி."

"நான் இன்னும் படிக்கவே போகல்ல, நானா. எனக்கு ஒண்டும் தெரியா."

"தடவத் தெரியுந்தானே? நடுங்குது பாருங்க."

டொக்டர் வரும்வரை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். நடுக்கம் மெல்ல அடங்கியது. குட்டி பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவருக்கு நான் 'டொக்டர் தங்கச்சி'.

பெறுபேறு வந்தபோது மிருக வைத்தியம் படிக்க வேண்டிய வெட்டுப்புள்ளியை என்னால் எட்ட முடியவில்லை. இப்போது தில்லையடியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். போன கிழமை கடைவாசலால் போனவர் ஓட்டோவை மெதுவாக்கி, "டொக்டர் தங்கச்சி, சுகமா?" என்றார்.

"ஓம் நானா."

அவர் போய் வெகுநேரத்துக்குப் பிறகுதான் கவனித்தேன், மடிக்க எடுத்த துணியை நான் இன்னும் தடவிக்கொண்டே நின்றேன்.