ஏரிக்கு அடியில் எழுதிய தாள்

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த நான், தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யப் போவேன் என்று எங்கள் லைனில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் எங்கள் மலையில் இருந்த அணைக்கட்டின் மதகுகளைச் சோதிக்க ஒரு குத்தகைக் கம்பெனி வந்தது. லெம்பா பெர்த்தாம் பக்கம் ஆற்றில் நான் நீந்துவதைப் பார்த்த அதன் மேற்பார்வையாளர், ஒரு சீனர், வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். போனேன். கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பல மாதங்கள் பழக்கினார்கள். பிறகு எங்கள் மலைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அந்த வேலையில் பாதி, எழுதுவது. சேறு எவ்வளவு உயரம் படிந்திருக்கிறது, சுவரில் வெடிப்பு எத்தனை முழம், இரும்பு வலையில் எத்தனை கம்பி உடைந்திருக்கிறது. மேலே வந்து வாயால் சொன்னால் கம்பெனி ஏற்காது. எங்கள் அணைக்கட்டு ஏரித் தண்ணீரின் குளிரில் மூளை மந்தித்துவிடும். படகில் ஏறும்போதே பாதி மறந்துவிடும். பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே எழுத வேண்டும்.

முதலில் வெள்ளை பிளாஸ்டிக் பலகைதான் இருந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் அதில் பென்சில் பிடிக்கும். பேனா உதவாது. மரப் பென்சிலும் நாலைந்து முறை இறங்கினால் பசை விட்டு இரண்டாகப் பிளந்துவிடும். அதனால் கறுப்பு டேப் சுற்றி, இரண்டு முனையும் சீவி, நூலால் பலகையோடு கட்டிக்கொள்வேன். சில வருஷம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து நனையாத தாள் வந்தது. தொட்டால் மெழுகு பூசியது போலிருக்கும். இழுத்தாலும் கிழியாது. அதைப் பலகைமேல் வைத்து இரண்டு ரப்பர் வளையம் மாட்டிவிட்டால் போதும்.

அறிக்கை மலாயில் கொடுக்க வேண்டும். ஆனால் கீழே, அந்தக் குளிரில், கைக்குத் தமிழ் ஒன்றுதான் வந்தது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்த தமிழ். மேலே வந்து உடம்பு சூடான பிறகு மலாயில் எழுதிக் கொடுப்பேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். எங்கள் தோட்டத்துக் கொழுந்து லாரி ஒன்று ஃபாக்டரிக்குப் போகும் வழியில் காணாமல் போனது. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றி வந்த ஒருவர்தான் ஏரியோரக் கம்பி வேலி அறுந்து கிடப்பதையும், தண்ணீரில் கொழுந்துச் சாக்குகள் மிதப்பதையும் பார்த்துச் சொன்னார். லாரியில் டிரைவர் மட்டும் இருந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தவர். பிரிஞ்சாங் போகிற வழியில் பல நாள் என்னை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அவர் மனைவி கொழுந்து பறிப்பவர். நான் அவரை அக்கா என்பேன்.

மழை விடாததால் இரண்டு நாள் யாரும் தண்ணீரில் இறங்க முடியவில்லை. அந்த இரண்டு நாளில் லைன் முழுக்கப் பேச்சு. "தண்ணி போட்டிருப்பான்லா. இல்லன்னா பழகுன ரோட்டுல எப்படி விழுவான்?" என்று கங்காணி, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்திலேயே சொன்னார். தோட்டத்து மேனேஜர் துரையோடு சண்டை போட்டுவிட்டு வேண்டுமென்றே ஏரியில் விட்டுவிட்டான் என்றார் இன்னொருவர். குதித்து ஓடிவிட்டான் என்றும் சொன்னார்கள். அக்கா காதில் எல்லாமே விழுந்தது.

மூன்றாம் நாள் காலை போலீஸ் எங்கள் கம்பெனியைக் கேட்டது. பக்கத்தில் இருந்த மூழ்காளி நான் ஒருவன்தான்.

கயிற்றைப் பிடித்து இறங்கினேன். பத்தடிக்குக் கீழே தேநீர் நிறத்தில் இருட்டு. டார்ச் வெளிச்சம் ஒரு கை தூரம் போகும். சாக்கிலிருந்து பிரிந்த கொழுந்து என் முகக்கண்ணாடியில் வந்து வந்து ஒட்டியது. கால் முதலில் லாரியின் டயரில் பட்டது. தடவிக்கொண்டே முன்பக்கம் போனேன். அவர் உள்ளே இருந்தார்.

எதையும் அசைப்பதற்கு முன்னால் எழுத வேண்டும் என்பது எங்கள் பழக்கம். அங்கேயும் அதைத்தான் செய்தேன். தெரிந்த மனிதர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, நான் பலகையைத் தொடைமேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் முனை உடைந்தது. பென்சிலைத் திருப்பிப் பிடித்து எழுதினேன். அதற்காக ரொம்ப நாள் என்னையே எனக்குப் பிடிக்காமல் இருந்தது.

எழுதியது இவ்வளவுதான்: "ஆழம் நாற்பது அடி. லாரி இடது பக்கம் சாய்ந்து கிடக்கிறது. முன்சக்கரம் வலது பக்கம், மலையைப் பார்த்துத் திருப்பியிருக்கிறது. வலது கதவு மூடியிருக்கிறது. கண்ணாடி பாதி இறக்கியிருக்கிறது. கை பிரேக் முழுசாக இழுத்திருக்கிறது. வலது கால் பிரேக் மேல். பெடல் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது."

பிரேக் பிடிக்கிற லாரியில் பெடல் அவ்வளவு கீழே போகாது. அப்புறம்தான் கதவைத் தூக்கி, காலை விடுவித்து, அவரை மேலே கொண்டுவந்தேன்.

மறுநாள் கிரேன் வைத்து லாரியைத் தூக்கினார்கள். சங்கிலி இறுகியதில் முன்பக்கம் நசுங்கிவிட்டது. அடியில் இருந்த பிரேக் குழாய்களெல்லாம் பாறையில் சிக்கி அறுந்து தொங்கின. பார்க்க வந்த மெக்கானிக், எது முன்னால் அறுந்தது, எது இப்போது அறுந்தது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

அன்று மத்தியானம் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்னைத் தேடி வந்தார். தாளில் இருந்ததைப் படகில் இருந்தவர்கள் சொல்லியிருப்பார்கள்.

"தம்பி, லோரியத் தூக்கிப் பாத்தாச்சுலா. ஒண்ணும் தெரியலன்னு மெக்கானிக்கே சொல்லிட்டாரு. நீ எதுக்கு பிரேக்கு கதையெல்லாம் எழுதிக் குடுக்குற?"

"மேல வந்து எழுதல கிராணி. கீழயே எழுதிட்டேன்."

"அது எனக்குத் தெரியாதா? ஒங்கப்பா இன்னும் இங்கதான வேல செய்றாரு?"

அப்பா அப்போது அந்தத் தோட்டத்தில் செடிகளுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். கிராணி மிரட்டுகிற குரலில் பேசவில்லை. அக்கறையாகக் கேட்பது போலத்தான் கேட்டார். நான் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் பூட்ஸில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே, "நீ பாத்தியா, பாக்கலயா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். "அப்ப போயிக் குடு."

போலீஸ் நிலையத்தில் இருந்த மலாய் அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீருக்குள்ளேயே எழுதியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேஜைமேல் இருந்த கிளாஸில் கட்டைவிரலை நனைத்து ஒரு வரியைத் தேய்த்தார். எழுத்து அப்படியே இருந்தது. ஒவ்வொரு வரியாக மலாயில் சொல்லச் சொல்லி டைப் அடித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். தமிழ்த் தாளின் படம் ஒன்று எடுத்துக்கொண்டு தாளை என்னிடமே கொடுத்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சட்டைப் பையில் அந்தத் தாளை எடுத்துப் போயிருந்தாலும், கொடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அக்காவே பேச்செடுத்தார்.

"தம்பி, நீங்கதான மொதல்ல பாத்தீங்க. அவரு குடிச்சிருந்தாரா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. நான் பாத்ததெல்லாம் இதுல இருக்கு."

அக்கா விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு எழுந்துபோய், பந்தலுக்குக் கீழே சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் நின்று, சத்தமாகப் படித்தார். சக்கரம் மலையைப் பார்த்துத் திருப்பியிருந்தது, கை பிரேக் இழுத்திருந்தது, கால் பிரேக் மேல் இருந்தது. அழவில்லை. கொழுந்து நிறுக்கும்போது பெயர் கூப்பிடுவார்களே, அந்தக் குரல். கங்காணி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சாப்பிடவில்லை.

விசாரணை முடியப் பல மாதம் ஆனது. விபத்து, டிரைவர் மேல் தப்பில்லை என்றார்கள். பிரேக்கைப் பற்றி யார் மேலும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் இருந்த இரண்டு பழைய லாரிகளும் அதற்குப் பிறகு ரோட்டில் இறங்கவில்லை. அப்பாவைத் தூரத்து மலையில் இருந்த தேயிலைக் காட்டுக்கு மாற்றினார்கள். தினமும் கூடுதலாக ஒரு மணி நேரம் நடந்தார். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தப் பதினாறாம் நாள், காரியம் முடிந்து நான் கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"தம்பி, அவரு கண்ணு தொறந்திருந்துச்சா? அத மட்டும் எழுதலயே."

மூடியிருந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"நான் மொகத்தப் பாக்கலக்கா. பாக்க முடியல."

அக்கா தூறலுக்குள் கையை நீட்டிப் பார்த்தார். பிறகு, "சரி தம்பி. மழ வலுக்குது, பாத்துப் போங்க" என்றார்.