கொத்தனார் அடுக்கிய பிரெட்

கொத்தனாருக்குச் சமையலறை என்றால் இரண்டே வேலை. அடுப்பு மேடை கட்டுவது, மேடையில் இருப்பதைச் சாப்பிடுவது. அப்படிப்பட்ட மனிதர் தலையில் விருந்தாளிகளின் காலைச் சாப்பாடு வந்து விழுந்ததே, அதை என்னவென்று சொல்ல!

வருகிறவர் லேசுப்பட்டவரா? மனைவியின் அக்கா. தங்கை கல்யாணமாகிப் போன வீட்டு வாசலை இதுவரை மிதிக்காதவர். போனில் விசாரிக்கும்போதுகூட, "அந்தக் கொத்தனார் எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்பார். 'மாப்பிள்ளை' என்ற சொல் அவர் வாயில் வந்ததே கிடையாது. இப்போது கணவரோடு வெளியூர் போகிற வழியில், ரயில் மாறும் நேரத்தில், சாப்பிட வருகிறேன் என்று அவராகவே சொல்லியிருக்கிறார். நர்ஸ் வேலை பார்க்கும் மனைவிக்கோ அன்றைக்கென்று பார்த்து ராத்திரி டியூட்டி.

"சாயங்காலமே ஊறவச்சிட்டா, காலைல ஓவன்ல வைக்கிறது மட்டும்தான். பிரெட்டை அடுக்கி, முட்டை, பால், சர்க்கரை, பட்டைத்தூள் எல்லாம் அடிச்சு மேல ஊத்தி, ஃபிரிட்ஜ்ல வச்சிடுங்க," என்றாள் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே. பிறகு குரல் இறங்கியது. "அக்கா மனசார சாப்பிட்டுட்டுப் போகணுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"நீ கவலைப்படாம போ. ஊருல பாதிச் சுவரு என் கையாலதான் நிக்குது. ஒரு தட்டு பிரெட் நிக்காதா?"

நிற்கத்தான் செய்தது. அதுதான் வினையாகப் போயிற்று. மனிதர் பிரெட் துண்டுகளைச் செங்கல் போல அடுக்கினார். கீழ் வரிசையின் மூட்டு மேல் வரிசையின் மூட்டுக்கு நேராக வராமல் பார்த்துக்கொண்டார். எறும்பு நுழைய இடமில்லை. கரண்டியால் தட்டித் தட்டி அமுக்கினார். போதாக்குறைக்கு, சுவரின் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கழுவிக் கொண்டுவந்து மேலே வைத்துப் பார்த்தார். பாலை ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் திறந்தால், மொட்டை மாடியில் மழைநீர் தேங்கியது போலப் பால் மேலேயே நின்றது! கத்தியை விட்டுப் பார்த்தார். அடி வரிசை வறவறவென்று கிடந்தது.

"அடப்பாவி! ஒழுகாமக் கட்டித் தொலைச்சிட்டியேடா!" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேரமில்லை. மூட்டுகளைக் கத்தியால் நெம்பினார். இன்னொரு தடவை முட்டையும் பாலும் அடித்து, விரிசலுக்குச் சிமென்ட் பால் விடுவது போல இடுக்கு இடுக்காக விட்டார். அது இறங்கும்வரை பொறுத்திருந்து, தட்டை ஓவனில் தள்ளி, அதன் கண்ணாடிக் கதவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

முதலில் ஓரம் கொப்பளித்தது. பிறகு நடுப்பகுதி லேசாக அசைந்தது. கொத்தனார் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பக்கவாட்டில் போக வழியில்லாமல் பிரெட் மொத்தமும் மேலே கிளம்பிற்று. பொன்னிறமாக, மெதுவாக, தட்டின் விளிம்பையும் தாண்டி வந்தது. அவர் ஆயுசில் கல்லானாலும் மண்ணானாலும் ஆள் தூக்கினால்தான் மேலே போகும். வைத்த இடத்தில் வைத்தபடிதான் கிடக்கும். இதுவோ தானாக எழுகிறது! மனிதருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"யாரும் தூக்காம எந்திரிக்குதே, கடவுளே!"

வாசலில் செருப்புச் சத்தம். மனைவியின் அக்காவும் அவர் கணவரும் உள்ளே வந்து நின்றார்கள். எழுந்து போய் வாங்க என்று சொல்லி நாற்காலி போடவேண்டாமா? இவர் இருந்த இடத்திலிருந்தே கத்தினார்.

"அண்ணி, ஓடி வாங்க! இதப் பாருங்க, சீக்கிரம்!"

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார் அண்ணி. குனிந்தார். அப்புறம் அவரும் மெல்லக் கொத்தனார் பக்கத்தில் குத்துக்காலிட்டார்.

"ஐயோ, மூச்சு விடுதே!" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"எனக்குப் பசிக்குது, அதையும் யாராச்சும் பாருங்க," என்றார் அண்ணியின் கணவர் பின்னாலிருந்து. யார் காதிலும் விழவில்லை.

டியூட்டி முடிந்து வந்த மனைவி அந்தக் கோலத்தைப் பார்த்து வெலவெலத்துப் போனாள். அக்காவைத் தரையிலா உட்காரவைத்திருக்கிறார்!

தட்டை மேஜையில் வைத்ததும் இன்னொரு கூத்து. எழும்பிய பிரெட் எல்லோர் கண்ணெதிரே அமுங்க ஆரம்பித்தது. கொத்தனார் முகம் செத்துவிட்டது. கட்டினது இறங்கினால் அவர் தொழிலில் தலை காட்ட முடியாது.

"இறங்குதே..." என்றார் ஈனசுரத்தில்.

அக்கா உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். இன்னொரு வாய். மனைவி நாற்காலி முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவின் தட்டு காலியானது. நிமிர்ந்து அதை நீட்டினார்.

"மாப்பிள்ளை, அந்த ஓரத்துத் துண்டை எனக்கு வைங்க."

கொத்தனார் கத்தியை எடுத்தார். நூல் பிடித்தாற்போலக் கட்டுகிறவர், அன்றைக்கு வெட்டியது முழுக்கக் கோணல்.