காலியாக இருந்த இடங்கள்

பெயர்: வீட்டில் பெரியப்பா, துறையில் 'கயிறு'. வேலை: பாய்ப்படகுத் துறைக்குள் வரும் படகுகளின் கயிற்றை வாங்கிக் கட்டிக்கொடுப்பது. சேர்ந்தது பத்தொன்பதாம் வயதில். ஓய்வு பெற்றது கடந்த ஆண்டு பிப்ரவரி 28. அதே ஆண்டு மே 6 அன்று இருபத்தெட்டு அடி நீளமுள்ள பழைய பாய்ப்படகு ஒன்றில் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு, கரையை ஒட்டியே வடக்கு நோக்கிப் புறப்பட்டார். படகின் பெயர் 'நிதானம்'. அப்பெயரை வைத்தவர் பெரியம்மா.

பெரியம்மா பயணத்துக்குச் சம்மதித்தது ஒரே நிபந்தனையின் பேரில். பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம். மாலையானால் ஏதேனும் ஒரு துறையில் படகைக் கட்டிவிட வேண்டும். ஆடாத தரையில் நடந்து, வெந்நீரில் குளித்து, கடைத்தெருவில் நாலு காய் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பெரியப்பா தலையாட்டினார்.

முதல் மாலை, துறை கண்ணுக்குத் தெரிந்ததும் அவர் கீழறைக்குள் இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டு வயர்லெஸ்ஸில் பேசினார். மேலே வந்து, "இடம் இல்லையாம்," என்றார்.

அன்று ஒரு குடாவைத் தேடிப்பிடித்து நங்கூரம் போட்டார்கள். அதில் அவர் கெட்டிக்காரர்தான். எந்த நிலமுனை காற்றை மறைக்கும், அடியில் மணலா பாறையா என்று வரைபடத்தில் பார்ப்பார். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவார். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் குறிவைத்துக்கொண்டு, படகு இழுபடுகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்வார். ஆனால் காற்றை மறைத்த முனை அலையை மறைக்கவில்லை. பாத்திரங்கள் இங்குமங்கும் உருண்டன. பெரியம்மா வாளியைக் கட்டிப்பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த துறையிலும் இடமில்லையாம். அதற்கடுத்ததிலும் இல்லையாம். "சீசன்," என்றார் பெரியப்பா.

"உலகத்துல இருக்கிற படகெல்லாம் நமக்கு முன்னாடியே கிளம்பிடுச்சா?"

மே 17 காலையில் பெரியம்மா பையைக் கட்டிவைத்து, செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கும் இடமில்லன்னா என்னைக் கரையில இறக்கி விட்டுடுங்க. நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போறேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து போகணும்னுதானே இதை வாங்கினேன்."

"சேர்ந்து வாந்தி எடுக்கவா? அதுலகூட நீங்க சேரல. நான் மட்டும்தான்."

அவர் நங்கூரத்தை இழுக்கப் போனார். நின்று பதில் சொல்லியிருந்தால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்திருக்கும்: அவருக்குப் படகைத் துறைக்குள் கொண்டுவந்து கட்டத் தெரியாது. பணிக்காலம் முழுவதும் அவர் நின்றது கரையில். திறந்த கடலில் ஓட்டக் கற்றிருந்தாலும், சுக்கானைப் பிடித்துக்கொண்டு இரண்டு படகுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை. 'நிதானத்தை'க்கூட விற்றவரே கொண்டுவந்து, துறைக்கு வெளியே ஒரு மிதவையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். கயிறுக்காரருக்குப் படகு கட்டத் தெரியாமலா இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை அவர் வயர்லெஸ்ஸைத் தொடாமல் நேரே துறைக்குள் நுழைந்தார். பக்கக்காற்று அடித்தது. 'நிதானம்' பக்கவாட்டில் நழுவி, அடுத்த படகின் விலாவில் நீளமாக ஒரு கோடு கிழித்தது. வீசிய கயிறு தண்ணீரில் விழுந்தது. மறுபடி வீசியது கரையில் நின்ற கயிறுக்காரரின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது.

"அண்ணே, கட்ட வேண்டியது படகை! தொப்பியை இல்ல!" என்று சிரித்தபடியே அவர் கயிற்றை எடுத்துக் கட்டினார். கட்டி முடித்து, சற்றே பக்கவாட்டில் திரும்பி, கரைக் கொட்டகையில் இருந்த கூட்டாளிக்குத் தெரியும்படி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இரண்டு விரலை நீட்டினார். பெரியப்பாவின் முகம் வெளுத்ததைப் பெரியம்மா கவனித்தார்.

குளியலறைச் சாவியோடு அலுவலகப் பெண் வந்தார். "இந்த இடம் பிடிக்கலன்னா வேற இடத்துல கட்டிக்குங்கம்மா. பாதித் துறை காலிதான்."

"சீசன்னு சொன்னாரே?"

"சீசனா? அதுக்கு ஜூலை ஆகணும். இப்ப இந்தக் கரை முழுக்க எந்தத் துறைக்குப் போனாலும் ஈ ஓட்டிக்கிட்டுதான் இருப்பாங்க."

பெரியம்மா நன்றி சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். கீழறையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

"வயர்லெஸ்ல இத்தனை நாளா யார்கிட்ட பேசினீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. பேசறதுக்கு அழுத்தற பட்டனையே அழுத்தல."

"நான் வாளியும் கையுமா உக்காந்திருந்தேனே, அப்பக்கூட சொல்லத் தோணலையா?"

"தோணுச்சு. வெக்கமா இருந்துச்சு."

"அந்த ஆள் பின்னாடி விரல் காட்டினாரே, அது என்ன?"

"காலி இடம் எத்தனைன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இதுவும் பொய்யா இருந்தா நான் இப்பவே இறங்கிடுவேன்."

அதன்பின் அவர் சொன்னது இது. அந்த விரல் மதிப்பெண். படகை எவ்வளவு ஒழுங்காகக் கொண்டுவந்து கட்டுகிறார்கள் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று கயிறுக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்வது. தொடங்கிவைத்தவர் பெரியப்பாவே. துறை மாறிப் போன ஆட்களோடு பழக்கமும் கரையெங்கும் பரவிவிட்டது. மூடிய முஷ்டி என்றால் பூஜ்யம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, ஒரு பெண் தனியாகப் படகு ஓட்டி வந்தாள். அன்றும் பக்கக்காற்று. இருமுறை முயன்று இருமுறையும் காற்று அவளை வெளியே தள்ளியது. அவர் முதுகுக்குப் பின்னால் முஷ்டியை மடக்கினார், கொட்டகையில் சிரித்தார்கள். ஆனால் மூன்றாம் முறைக்காக அவள், அவர் நின்ற, தண்ணீருக்குள் நீண்டிருந்த மேடையைச் சுற்றி அவருக்குப் பின்புறமாக வந்துகொண்டிருந்தாள்.

"கையைப் பார்த்துட்டா," என்றார் பெரியப்பா. "'அது என்ன அண்ணே, இடம் இல்லையா?'ன்னு கத்திக் கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாட்டிக்கிட்டோமேன்னு... ஆமான்னு தலையாட்டிட்டேன்."

"அவ?"

"'சரிங்க அண்ணே'ன்னு கையைத் தூக்கிக் காட்டிட்டு, படகைக் கடல் பக்கம் திருப்பிட்டா. கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும். கொட்டகையில எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் கூப்பிடல."

"அப்புறம் எங்க போனா?"

"தெரியல. பக்கத்துல நங்கூரம் போடற மாதிரி குடா எதுவும் கிடையாது. மறுநாள் பேப்பரைப் புரட்டினேன். விபத்துன்னு ஒண்ணும் போடல. யார்கிட்டயும் விசாரிக்கல."

வெளியே அந்தக் கயிறுக்காரர் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டு போவது கேட்டது. பெரியப்பா தலை நிமிரவில்லை. பெரியம்மா கையிலிருந்த சாவியை மேசைமேல் வைத்தார். பிறகு பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார்.

"அன்னைக்கு உங்க துறையில எத்தனை இடம் காலியா இருந்துச்சு?"

"பதினாலு."