கிணற்றடியில் சொன்ன கதை

பௌத்த மடத்துக்கு நடந்து போகலாம் என்று எங்கள் குடியிருப்பில் பேச்சு வந்தபோது, நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெள்ளறை வரை வேன். அங்கிருந்து காட்டு வழியாக மூன்று ஊர்களைத் தாண்டி நடக்க வேண்டும். வழி சொல்ல ஒருவர் கூட வருவார். மூன்றாவது ஊர் நான் பிறந்த ஊர். இது யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்த பிறகு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

எதிர்வீட்டுக்காரி விடவில்லை. "வாங்க பெரியம்மா. டிவி முன்னாடி உக்காந்து என்னத்தக் கண்டீங்க? நடக்க முடியலைன்னா நான் தூக்கிக்கிறேன்."

"நீ என்னைத் தூக்கினா உன்னை யாரு தூக்குறது?" என்றேன். அவளுக்குச் சற்றே கனத்த உடம்பு. சிரித்துக்கொண்டே என் பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். போய்ப் பேரை அடித்துவிடச் சொல்ல எனக்குக் கூச்சம். அப்படித்தான் கிளம்பினேன்.

மாசி மாதம். பருத்தி வெடித்திருந்தது. பதினான்கு பேர் வரிசையாக நடந்தோம். வழிகாட்டிக்கு நாற்பது வயதிருக்கும், தலையில் துணித் தொப்பி. குருவி பறந்தால் அதன் பேரைச் சொல்வார், பாழடைந்த சுவரைப் பார்த்தால் அதற்கொரு கதை சொல்வார். நன்றாகத்தான் சொன்னார். எங்கள் ஊர் வந்ததும் நான் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவைப் பார்க்காமல் நடந்தேன். தெரிந்த வீடு ஒன்றுகூட இல்லை. தாண்டிவிட்டோம் என்று மூச்சு விட்டபோது, வயலோரக் கிணற்றடியில் அவர் எல்லோரையும் நிறுத்தினார்.

கிணறு அப்படியே இருந்தது. உள்சுவரில் படிக்கல் நீட்டிக்கொண்டிருக்கும் கிணறு. மோட்டார் கொட்டகை மட்டும் புதிது.

"இந்தக் கெணத்துக்கு ஒரு கதை இருக்கு," என்றார். "பதினாறு வயசுப் பொண்ணு. பிடிக்காத மாப்பிள்ளைக்குப் பேசி முடிச்சுட்டாங்க. தண்ணி எடுக்கப் போற மாதிரி குடத்தோட வந்து குதிச்சிருச்சு. இன்னிக்கும் உச்சி வெயில்ல இங்க யாரும் தண்ணி மொள்ள மாட்டாங்க. குடத்த அது உள்ளேருந்து பிடிச்சு இழுக்குமாம்."

"மோட்டார் போட்டா என்ன சார் பண்ணும்? கரண்டு பில்லு கட்டுமா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

எதிர்வீட்டுக்காரி கிணற்றை எட்டிப் பார்த்து, "ஏம்மா, எங்க வீட்டுக்கு வர்றியா? மாமியார் தனியா இருக்காங்க," என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அது என் அக்கா.

அவள் குதிக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவோடு தண்ணீருக்கு வந்து, நானும் சேந்துகிறேன் என்று அடம் பிடித்தேன். கயிற்றில் நான் போட்ட முடிச்சு அவிழ்ந்து பித்தளைக் குடம் உள்ளே விழுந்துவிட்டது. கோடையில் தண்ணீர் ஆழத்தில் கிடந்தது. குடம் பாதி முங்கி மிதந்தது. அம்மா அடிப்பாள் என்று நான் அழுதேன். "அழாதடி, இரு, எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படிக்கல்லில் இறங்கினாள். கடைசிக் கல்லில் பாசி. ஒரு கையை நீட்டியபடியே போய்விட்டாள்.

நான் கத்தவில்லை. ஓடிப்போய் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

முதல் நாள் அடிக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாளே ஊர் முடிவு கட்டிவிட்டது. கல்யாணப் பேச்சு வந்தபோது அக்கா அழுதது எல்லோருக்கும் தெரியும். குடமும் கிணற்றுக்குள்ளேயே கிடைத்தது. அதற்கப்புறம் நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்று இருந்துவிட்டேன். பெரியவளான பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் செத்துப்போனால், அவளைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் புதுப் பாவாடை, வளையல், பூ வைத்துப் படைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். அக்காவுக்கு அது கிடைக்கவில்லை. தானாகச் செத்தவளைக் கூப்பிட்டால் வீட்டோடு வந்துவிடுவாள் என்று பயந்து, அப்பா அவள் பேரையே எடுக்க விடவில்லை. கன்னியாக இருக்க வேண்டியவளை நான்தான் பேயாக்கினேன். எந்த ஊருக்குப் போனாலும், கிணற்றைக் கண்டால் அந்தக் கை நீண்டபடி தெரியும்.

மடம் என்றால் பெரிதாக நினைத்திருந்தேன். தகரம் வேய்ந்த இரண்டு அறைகள், வெள்ளைப் புத்தர் சிலை, இடுப்பளவு அரசங்கன்று. இருந்த ஒரே பிக்குவும் தமிழர்தான். அவர் உச்சிக்குப் பிறகு சாப்பிட மாட்டாராம். அதனால் போனதும், கொண்டுபோன புளியோதரையை ஆளுக்கொரு கரண்டி அவர் பாத்திரத்தில் போட்டோம்.

அவர் சாப்பிட்டு முடித்தபின் ஒரு செம்பையும் கிண்ணத்தையும் எடுத்து வைத்தார். "நீங்க சோறு போட்ட புண்ணியத்தச் செத்துப்போனவங்களுக்குக் குடுக்கணும்னா, அவங்கள நெனச்சுத் தண்ணி ஊத்தலாம். கிண்ணம் நெரம்பி வழியற வரைக்கும் ஊத்துங்க," என்றார்.

ஒருவர் தன் அப்பாவுக்கு ஊற்றினார். எதிர்வீட்டுக்காரி தன் தம்பிக்கு ஊற்றினாள். பிறகு செம்பு என் கைக்கு வந்தது.

"யாருக்கும்மா?" என்றார் பிக்கு.

"எங்க அக்காவுக்கு."

"எப்படி இறந்தாங்க?"

நோவு வந்து என்று சொல்லியிருக்கலாம். என் புருஷனிடமும் பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

"வழியில ஒரு கெணறு பாத்தோமே, அதுலதான். நான் குடத்த உள்ள போட்டுட்டேன். எடுத்துத் தரேன்னு எறங்குனா. வழுக்கிருச்சு. அவ குதிக்கல," என்றேன். பேச்சு மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

பிக்கு, "ஊத்துங்க," என்று மட்டும் சொன்னார். ஊற்றினேன். கிண்ணம் வழிந்து பாய் நனைந்தது. நிறுத்தத் தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவரே செம்பை மெல்ல வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது வேன் மடத்துக்கே வந்திருந்தது. எதிர்வீட்டுக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருவெள்ளறை தாண்டியதும், "நான் அப்படிச் சிரிச்சேனே பெரியம்மா," என்றாள்.

"உனக்கென்னடி தெரியும்?" என்றேன்.

வழிகாட்டி முன் சீட்டிலிருந்து எழுந்து வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். "மன்னிச்சுருங்கம்மா. ஊர்ல சொன்னதத்தான் சொன்னேன். இனிமே அந்த எடத்துல நிக்க மாட்டேன்."

"நில்லுங்க," என்றேன். "நின்னு சொல்லுங்க. தங்கச்சி போட்ட குடத்த எடுக்க எறங்குச்சுன்னு சொல்லுங்க. தங்கச்சி பாத்துட்டு ஓடிப்போயிட்டான்னும் சொல்லுங்க."

"அது வேணாம்மா."

"அது இல்லாம யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் இப்போது அப்படித்தான் சொல்கிறார். போன மாதம் எதிர்வீட்டுக்காரியின் மகள் அந்த நடைக்குப் போய்விட்டு வந்து சொன்னாள். இப்போது யாரும் சிரிப்பதில்லையாம். உச்சி வெயில், குடம் இழுப்பது எல்லாம் விட்டுப்போயிற்றாம். கேட்டவர்களில் ஒருத்தி மட்டும் கிணற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "அந்தத் தங்கச்சி என்ன ஆனா?" என்று கேட்டாளாம். வழிகாட்டி தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டாராம்.

இனி அந்த இடத்தில் அவர்கள் என்னைத்தான் தேடுவார்கள். தேடட்டும். அக்கா அங்கிருந்து போயிருந்தால் சரி.